நொடிக்கு ஆறு படங்கள்

கண்காணிப்பு கேமரா தெருவைப் பார்க்கிறது, பார்த்ததை அப்படியே அனுப்புகிறது என்று ஒரு நம்பிக்கை படித்தவர்களிடமும் படிக்காதவர்களிடமும் ஒருசேரப் பரவியிருக்கிறது. நாகப்பாம்பு பால் குடிக்கும், மயில் கண்ணீரைக் குடித்துக் கருவுறும் என்பன போன்ற வேறு தவறான நம்பிக்கைகளும் நாட்டில் உண்டு. ஆனால் அவற்றால் எந்த மாப்பிள்ளையின் சட்டையிலும் பதினொரு காஜா விழுந்ததில்லை. ஆகவே இதை முதலில் திருத்திவிடுவது கடமையாகிறது.

கேமரா எதையும் பார்ப்பதில்லை. சொல்லிவைத்த அளவில், சொல்லிவைத்த வேகத்தில், சொல்லிவைத்த சத்தத்தோடு படங்களை அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. மற்ற ஊர்களில் அந்த அளவும் வேகமும் சத்தமும் தெருவைப் பின்தொடர்கின்றன. சிற்றாற்றின் தென்கரையில் எங்கள் ஊர்க் கொட்டகைத் தெருவில் மட்டும் தெரு அவற்றைப் பின்தொடர்ந்தது. இதற்கு வியாபாரிகள் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் முப்பத்தெட்டுக் கையெழுத்துகளும் ஒரு கைநாட்டும் சாட்சி. கைநாட்டு வைத்தவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அன்றைக்குப் பேனா அவர் வரை வந்துசேரவில்லை.

கேமரா வந்தது ஆவணியில். தெருவில் மூன்று சைக்கிளும் ஒரு தராசும் காணாமல் போன பிறகு, ஏட்டு பரமசிவன் வந்து, ஒரு கேமரா மட்டும் வைத்துவிட்டால் ஸ்டேஷனில் உட்கார்ந்தபடியே எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சங்கத் தலைவர் ஆறுமுகநயினார், எவர்சில்வர் குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்து வியாபாரம் செய்து செய்து எதைச் சொன்னாலும் எதிரொலிக்கும் சேர்த்துச் சொல்லப் பழகிய பாத்திரக்கடைக்காரர், மறுநாளே கேபிள் டிவி ஆபீசிலிருந்து ஆவுடையை வரவழைத்தார்.

ஆவுடைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஏணியைத் தானே தூக்கிவருவாள், யாராவது பிடிக்கட்டுமா என்று கேட்டால் காலடியில் இருக்கும் டூல்ஸ் பையைக் காட்டி அதைப் பிடிக்கச் சொல்வாள், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெட்டியோடு வரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பாள். அப்படி ஒருவரை இந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை. கேமராவைக் கம்பத்தில் பொருத்திவிட்டு இறங்கி, பழவண்டி பீர்முகம்மது கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் கூடைமேல் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றினாள். அடுத்து தேதியைச் சரிசெய்தாள், ஏனென்றால் கேமரா அதுவரை தான் 1970-ஆம் வருஷத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சில நிமிஷங்களில் தெருவில் யாரும் மணி பார்க்காதது நல்லதாகப் போயிற்று. அதன் பிறகுதான் படத்துக்கும் சத்தத்துக்குமான பக்கத்தைத் திறந்தாள்.

அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் கேட்கலாம், ஆனால் எல்லாமும் கிடைக்காது. படம் எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும், நொடிக்கு எத்தனை படம் போக வேண்டும், சத்தம் வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு என்று தனித்தனியாகக் கட்டங்கள் இருந்தன, அத்தனையும் சேர்ந்து ஒரே கம்பி வழியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தது, அந்தக் கம்பிக்கோ இரண்டு மெகாபிட்டுக்கு மேல் தாங்கும் உடம்பில்லை. வண்டி நம்பர் படிக்கிற அளவுக்குப் படம் தெளிவாக வேண்டும் என்றார் ஏட்டு. சத்தம் கட்டாயம் வேண்டும் என்றார் நயினார், பேரம் பேசும்போது ஒன்றும் பணம் கொடுக்கும்போது வேறொன்றும் சொல்பவர்களை அவர் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியிருந்தது. மிச்சம் இருந்தது படங்களின் எண்ணிக்கை. யாரும் அதற்காகப் பேசாததால் ஆவுடை இருபத்தைந்தை ஆறாகக் குறைத்து, சேவ் பட்டனை அழுத்தினாள். அப்போது காலை பதினொன்று பத்து.

பீர்முகம்மது ஒரு சீப்பு நாட்டுப்பழத்தை ஒரு அம்மாளிடம் நீட்டிக்கொண்டிருந்தார். பழம் அவர் கையில் இருந்தது. பிறகு பாதி வழியில் இருந்தது. பிறகு அந்த அம்மாளின் கூடையில் இருந்தது. இவற்றுக்கு இடைப்பட்ட எந்த இடத்திலும் அது இல்லை. டீக்கடையில் மாஸ்டர் ஆற்றிய டீ ஒரு முழ உயரத்திலிருந்து துண்டு துண்டாக நின்று நின்று இறங்கியது. பாத்திரக்கடை வாசலில் நயினாரின் கை மூக்கைத் துடைக்கப் புறப்பட்டு, வழியில் எங்கும் தங்காமல் மூக்கை அடைந்தது.

"என்ன தாயீ, லோ வோல்டேஜா?" என்று கேட்டார் நயினார்.

லேப்டாப்பையும் தெருவையும் இரண்டு முறை மாறி மாறிப் பார்த்த ஆவுடை, ஆறைப் பத்தாக்கினாள், டீ சற்றே கூடிவந்தது. மறுபடி ஆறாக்கினாள், உடைந்தது. "இல்ல அண்ணாச்சி, செட்டிங்ஸு" என்றாள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டுமா என்று கேட்டார் நயினார். எழுதுவது நல்லது என்றாள் ஆவுடை.

தெரு இதை எடுத்துக்கொண்ட விதத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மழை பெய்தால் குடை விரிப்பதுபோல, ஆறு படம் என்று தெரிந்ததும் ஆறு படத்துக்கு ஏற்றபடி எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள். லாரியோ பஸ்ஸோ தெருவுக்குள் வந்தால் அது இந்தக் கடை முன்னால் ஒரு முறையும் அடுத்த கடை முன்னால் ஒரு முறையும் இருந்ததே தவிர நடுவில் இல்லாததால், அந்த நடுவில் பெண்கள் குடத்தோடு நிதானமாகத் தெருவைக் கடந்தார்கள். விபத்து என்பது அற்றுப்போயிற்று. சவரக்கடைக்காரர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே கத்தியை எடுத்துவிடும் கலையை இரண்டே நாளில் கற்றார். கம்பத்தில் ஒரு கரும்பலகை தொங்கவிடப்பட்டு, இன்றைய தெளிவு இவ்வளவு, இன்றைய படம் இவ்வளவு, இன்றைய சத்தம் இவ்வளவு என்று தினமும் எழுதப்பட்டது; வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தார்கள், நெல்லைப் பக்கத்துக்காரர்கள் சிலர் படித்துவிட்டுச் செருப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சப் ஸ்ட்ரீம் என்ற சிறிய இரண்டாம் படத்தை ஆவுடை நயினாரின் செல்போனுக்கு மட்டும் கொடுத்திருந்தாள். அது யாரையும் பாதிக்கவில்லை, நயினாரைத் தவிர. போனைப் பார்க்கும் நேரங்களில் அவர் கொஞ்சம் சிறிதாகத் தெரிந்தார், அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இப்படி முப்பத்தேழு கடைகளும் ஆறு படத்துக்குள் குடியேறிவிட்ட தெருவில், இரண்டு கடைகளுக்கு மட்டும் இடம் போதவில்லை.

தெருவின் கிழக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருந்த தங்கப்பழத்துக்கும், நேர் எதிரே மேற்குப் பக்கத்தில் பொத்தான் துளை தைக்கும் காஜா மிஷின் போட்டிருந்த அவர் மனைவி ரூத்துக்கும் பிறந்ததிலிருந்து காது கேட்காது. பாளையங்கோட்டையில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், கைகளால் பேசுவார்கள். அவர் வெட்டித் தைத்த சட்டைகளுக்கு அவள் காஜா எடுப்பாள். ஒரே கடையில் உட்காரக்கூடாதா என்று கேட்பவர்கள் அந்தக் கடையைப் பார்த்ததில்லை. எட்டடிக்கு ஆறடியில் ஒரு மிஷினும் ஒரு மேஜையும் ஒரு தங்கப்பழமும் போக மீதி இருந்தது சுவர்தான். ஆகவே அவர்கள் பதின்மூன்று வருஷமாகத் தெருவின் இரண்டு கரைகளில் உட்கார்ந்து, லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் நயினாரின் குரலுக்கும் பீர்முகம்மதுவின் கூவலுக்கும் மேலாக, காலை ஒன்பதிலிருந்து பேசிக்கொண்டேயிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரனிடம் சில்லறை இருக்கிறதா என்று கேட்கவே நாங்கள் எல்லோரும் தொண்டை வறளக் கத்த வேண்டியிருந்த தெருவில், ரகசியம் பேச முடிந்தது அவர்கள் இருவருக்கு மட்டும்தான். அவள் குனிந்து வேலை பார்க்கும்போது கூப்பிட வேண்டுமென்றால், அவர் வாடிக்கையாளர்களுக்கான முகம் பார்க்கும் கண்ணாடியைச் சற்றுத் திருப்பி, வெயிலில் ஒரு துண்டை எடுத்து அவள் மிஷின்மேல் போடுவார். அவள் நிமிர்வாள்.

ஆறு படத்தில் அந்தப் பேச்சு அறுந்தது. ஒரு கை நெஞ்சிலிருந்து கிளம்பி நெற்றிக்குப் போவதற்குள் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த வழியில்தான் இருக்கிறது. வழி இல்லாமல் கிளம்பிய இடமும் சேர்ந்த இடமும் மட்டும் கிடைத்தால் அது பேச்சாகாது. முதலில் கெட்டது வேலை. ஆறு காஜா என்று அவர் விரலால் சொன்னால் இரண்டு விரல் வழியில் உதிர்ந்து நான்காகப் போய்ச் சேர்ந்தது, அதை அவர் திருத்திச் சொன்னால் இரண்டும் சேர்ந்து வேறொன்றாகப் போயிற்று. ஒரு கல்யாண மாப்பிள்ளையின் பட்டுச்சட்டையில் பதினொரு காஜா விழுந்தது. மாப்பிள்ளை நல்ல மனிதர். பதினொரு பொத்தானையும் போட்டுக்கொண்டுதான் தாலி கட்டினார்.

சட்டை கெட்டால் வேறு சட்டை தைக்கலாம். சாப்பிட்டாயா, எதிரே போகிறவனின் தொப்பையைப் பார், உன் பின்னலில் நூல் ஒட்டியிருக்கிறது, நேற்று நான் சொன்னதற்கு நீ ஏன் பதில் சொல்லவில்லை என்பன போன்றவை என்ன ஆவது? வீட்டில் கேமரா இல்லை, அங்கே பேசிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் காலை பதினொரு மணிக்குச் சொல்ல வேண்டியதை ராத்திரி ஒன்பது மணிக்குச் சொல்ல முடியாது என்பதைக் கல்யாணமானவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆகாதவர்களுக்கு விளக்கிப் பயனில்லை. பகலெல்லாம் பாதி பாதியாக வந்தவற்றை இருவரும் வீட்டுக்கு எடுத்துப்போய், ஒட்டவைத்துப் பார்த்து, ஒட்டாததற்கு ஒருவரையொருவர் குறை சொன்னார்கள். மூன்றாவது வாரம் ரூத் தன் ஸ்டூலைத் திருப்பிப்போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து காஜா எடுக்கத் தொடங்கினாள். அவர் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். அந்த வெயில்துண்டும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே எங்கேயோ விழுந்து, அவளிடம் போய்ச் சேரவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அக்கா வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸுக்கு ரூத் சீட்டு எடுத்துவிட்டாள், பையைக் கட்டிக் காஜா மிஷின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

இதை முதலில் கவனித்தவள் ஆவுடை. ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததை வாங்க வந்தவள், கை ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருப்பதைப் பார்த்து, அளவு நோட்டை எடுத்து அதில் "என்ன ஆச்சு அண்ணே" என்று எழுதி நீட்டினாள். தங்கப்பழம் எதிரே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ரூத்தின் முதுகைப் பார்த்துவிட்டு எழுதினார்: "அவ கை வருது. பேச்சு வரல. மிச்சப் படமெல்லாம் எங்க போகுது?"

ஆவுடை அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனாள். கையேட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

வியாழக்கிழமை படங்களின் எண்ணிக்கையை இருபத்தைந்தாக ஏற்றித் தெளிவைக் குறைத்துப் பார்த்தாள். கைகள் அழகாக ஓடின. ஆனால் முகங்களெல்லாம் சதுரம் சதுரமாகிவிட்டன, நயினார் தன் சொந்த மைத்துனரிடம் யார் நீங்கள் என்று கேட்டார், ரூத்தின் விரல்கள் ஐந்தும் ஒரே கட்டியாகத் தெரிந்தன, ஸ்டேஷனிலிருந்து ஏட்டும் போன் செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை எச்.265 என்ற புது வகைச் சுருக்கத்தைப் போட்டாள். அது மிகச் சிக்கனமானது. அசைகிறதை மட்டும் அனுப்பும், அசையாததைத் திரும்ப அனுப்பாமல் பழையதையே வைத்துக்கொள்ளும். அதன் பலனாக நயினார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன பிறகும் கல்லாவில் உட்கார்ந்தே இருந்தார். அந்த நயினாரிடம் பேரம் பேசிய இரண்டு பெண்கள் அவர் எதற்கும் மறுப்புச் சொல்லாததால் ஒரு இட்லிக் கொப்பரையை மலிவாக எடுத்துப்போனார்கள். திரும்பி வந்த நயினார் விஷயமறிந்து அந்தச் சுருக்கத்தை நிறுத்தச் சொன்னார்.

ஆக மிஞ்சியது சத்தம். பேச்சுச் சத்தத்துக்கு அறுபத்து நான்கு கிலோபிட் போதும் என்றுதான் கையேட்டில் இருந்தது. கையேடு எழுதியவர்கள் கொட்டகைத் தெருவைக் கேட்டதில்லை. ஆவுடை அளந்து பார்த்தபோது எங்கள் சத்தம் ஆயிரத்து இருநூறு கிலோபிட்டைத் தின்றுகொண்டிருந்தது, பீர்முகம்மது மட்டும் தனியாக முந்நூறு. அவள் மறுபடி தங்கப்பழத்திடம் போய், தினம் ஒரு மணி நேரம் கிடைத்தால் எந்த மணி நேரம் வேண்டும் என்று எழுதிக் கேட்டாள். "மூணு டு நாலு" என்று எழுதினார் அவர், யோசித்து, கீழே இன்னொரு வரி சேர்த்தார்: "அப்பதான் அவளுக்குச் சிரிப்பு வரும்."

சனிக்கிழமை காலை சங்கக் கூட்டம் கம்பத்தடியிலேயே நடந்தது. தினமும் மூன்றிலிருந்து நான்கு வரை சத்தத்தை அணைத்துவிட்டு, மிச்சமாகும் இடத்தைப் படங்களுக்குக் கொடுக்கலாம் என்று ஆவுடை சொன்னாள். அணைத்தால் கேமராவில் மட்டுமல்ல, தெருவிலும் சத்தம் இருக்காது என்பதை எல்லோரும் யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள்.

"ரெண்டு பேருக்காக ஒரு தெருவே வாயப் பொத்திட்டு இருக்கணுமாக்கும்?" என்றார் நயினார்.

"பொத்த வேண்டாம் அண்ணாச்சி. பேசிக்கிட்டே இருங்க. கேக்காது, அவ்வளவுதான்."

"அதுக்குப் பேரு என்னங்கேன்?"

"அவங்க ரெண்டு பேரும் அப்படித்தான அண்ணாச்சி நம்மகிட்ட இருபத்துநாலு மணி நேரமும் இருக்காங்க" என்றாள் ஆவுடை.

பீர்முகம்மதுவின் கவலை வேறு. அவர் குரலில்தான் பழம் விற்றது. மூன்று தெரு தள்ளி இருப்பவர்கள்கூட அதைக் கேட்டுப் பையை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒரு மணி நேரம் கூவாவிட்டால் அன்றைய பழம் கறுத்துப்போகும், கறுத்த பழத்தைத் தன்னாலும் பார்க்க முடியாது, வாங்குகிறவர்களாலும் பார்க்க முடியாது என்று அவர் நீளமாகச் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் கைதூக்கிப் பார்த்துவிடுவோம் என்று முடிவாயிற்று. வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொல்லி ஏட்டு பரமசிவன் எண்ணினார். பத்தொன்பது. கணக்கில் சந்தேகம் என்று மறுபடி எண்ணினார். பன்னிரண்டு. மூன்றாவது முறை இருபத்திரண்டு. ஆறு படத்தில் நடந்த வாக்கெடுப்பு அல்லவா. சட்டென்று தூக்கி இறக்கிய கைகள் தூக்கப்படவே இல்லை.

"ஏட்டையா, நான் தூக்குனேன், நீரு எண்ணல" என்றார் பீர்முகம்மது.

"உம்ம கை கீழதான வே இருந்துச்சு."

"மூணு வாட்டியும் தூக்குனேன் வே. தோள்பட்ட வலிக்குது."

"தூக்கினத நான் பாக்கலியே."

"நீரு பாக்கலேன்னா நான் தூக்கலன்னு ஆயிருமா?"

கூட்டத்தின் ஓரத்தில், நடப்பது ஒன்றும் காதில் விழாமல் நின்றிருந்த தங்கப்பழத்துக்கு, காற்றில் விரலை ஆட்டி எண்ணும் ஏட்டையும் தோளைப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்கும் பீர்முகம்மதுவையும் பார்த்ததும் விஷயம் முழுதாகப் புரிந்துவிட்டது, அவர் சிரித்தார். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு அது. பீர்முகம்மது அந்தச் சிரிப்பைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அதைத் திருப்பி, எங்கே போயிருந்தாய் என்று கேட்பதுபோல உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு எதிரே சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த ரூத்தின் முதுகையும், மிஷின் பக்கத்தில் கட்டிவைத்திருந்த பையையும் பார்த்தார்.

"என்னைய எண்ண வேண்டாம் ஏட்டையா" என்றார். "இன்னிக்கே அணைச்சிரு தாயீ."

அவரே விட்டுக்கொடுத்த பிறகு மற்றவர்களின் மறுப்பும் நிற்கவில்லை. தீர்மானத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், பீர்முகம்மது கைநாட்டு வைத்தார்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, ஆவுடை அதே கூடைமேல் உட்கார்ந்து சத்தம் என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டு, ஆறு என்ற இடத்தில் இருபத்தைந்து என்று போட்டு, சேவ் பட்டனை அழுத்தினாள். பட்டன் அழுந்திய சத்தம் வரவில்லை. பிரேக் போட்ட பஸ் சத்தமில்லாமல் நின்றது, நயினார் கடையில் அண்டா ஒன்று தரையில் விழுந்து உருண்டு, தான் விழுந்ததையே யாருக்கும் தெரிவிக்காமல் ஓய்ந்தது, பழக்கதோஷத்தில் கூவ வாயைத் திறந்த பீர்முகம்மது திறந்த வாயோடு சற்று நேரம் நின்று, கௌரவமாக அதை மூடிக்கொண்டார். டீ மறுபடி ஒரே நூலாக இறங்கியது. எல்லாவற்றுக்கும் நடுவே வழி திரும்பி வந்திருந்தது, இங்கேயிருந்து அங்கே போகும் ஒவ்வொன்றும் இடையில் உள்ள எல்லா இடத்தையும் தொட்டுக்கொண்டு போனது, நாங்கள் அதைக் கோயில் தேர் அசைவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தங்கப்பழம் கண்ணாடியைத் திருப்பினார். வெயில்துண்டு தெருவில் இறங்கி, பஸ்ஸின் பக்கவாட்டில் ஏறி, ஒரு கிழவரின் துண்டின்மேல் ஓடி, எதிர்க்கடைக்குள் நுழைந்து, ரூத்தின் முகத்துக்கு முன்னால் சுவரில் நின்று நடுங்கியது. அவள் காஜாவை முடித்தாள். நூலைக் கடித்து அறுத்தாள். இன்னொரு சட்டையை எடுத்தாள். வெயில்துண்டு போகவில்லை. கடைசியில் அவள் ஸ்டூலோடு திரும்பினாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது, அப்போது எங்களில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. அவள்தான் அதிகம் பேசினாள் என்பது மட்டும் தெரியும்; மூன்று வாரத்துப் பேச்சு, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும், சில இடங்களில் எழுந்து நின்றும் பேசினாள். அவர் நடுவில் இரண்டு முறை பதில் சொல்லப் பார்த்தார், கை பாதி எழுந்ததும் அவள் முடிக்கவிடவில்லை. மூன்று நாற்பதுக்கு, பதினொரு காஜா விழுந்த சட்டை பற்றித்தான் இருக்க வேண்டும், அவர் தன் மார்பில் கழுத்திலிருந்து தொப்புள் வரை ஒவ்வொன்றாகப் பொத்தான் போட்டுக் காட்டினார். ஏழாவது பொத்தானில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு மணிக்கு ஆவுடை டிக்கை மறுபடி போட்டதும் ஊர்ச் சத்தமெல்லாம் மொத்தமாக எங்கள் தலையில் வந்து விழுந்தது. பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். திங்கட்கிழமை திருப்பூர் பஸ்ஸில் பதினான்காம் நம்பர் சீட் காலியாகப் போயிற்று.

அந்த ஒரு மணி நேர அமைதி நிலைத்தது. தொடக்கத்தில் அந்த நேரத்தில் வியாபாரமே நடக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், ஆனால் டஜன் எவ்வளவு என்று கேட்காமல் எப்படிப் பழம் வாங்குவது, ஆகவே விரல்கள் நீண்டன. விரல்கள் தப்பாக நீண்டபோது ரூத் தன் கடையிலிருந்து கைகளைத் தட்டினாள், சத்தம் வராவிட்டாலும் எல்லோரும் திரும்பிப் பார்த்து, சரியானதைக் கற்றுக்கொண்டார்கள். எல்லோரையும்விட முந்தியவர் பீர்முகம்மது. முந்நூறு கிலோபிட் குரலில் செய்ததை அவர் பத்து விரலில் செய்யத் தொடங்கினார். இது கனிந்தது, இது நாளைக்கு, இது பெருமாள் கோயிலுக்கு, இதை உன் மாமியாருக்குக் கொடு என்று அவர் கை காற்றில் எழுதுவதைப் பார்க்கவே மூன்று மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. நயினாரும் கற்றுக்கொண்டார், ஆனால் அவருடைய கைகளும் எதிரொலிக்குச் சேர்த்துத்தான் பேசுகின்றன; பக்கத்தில் நிற்பவர்கள் இரண்டடி தள்ளி நின்று கேட்கிறார்கள். ஏட்டு பரமசிவன் ஸ்டேஷனில் உட்கார்ந்தபடியே படத்தைப் பார்த்துக் கற்றார், அதனால் அவருக்கு எல்லாம் இடம் வலம் மாறி வருகிறது.

இரண்டு வருஷம் கழித்துத் தெருவுக்குக் கண்ணாடியிழை லைன் வந்தது. நூறு மெகாபிட். ஆவுடை ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து, பழைய கம்பியைக் கழற்றி, புதியதை மாட்டி, கூடைமேல் உட்கார்ந்து, தெளிவு முழுசும், படம் இருபத்தைந்தும், சத்தம் முழுசுமாகப் போட்டாள். இனி எதற்காகவும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்று அவள் சொல்ல, கரும்பலகையைக் கழற்றினார்கள். அன்று மூன்று மணிக்கு யாரும் எந்தக் கட்டத்தையும் தொடவில்லை. பீர்முகம்மது கூவிக்கொண்டிருந்த சொல்லின் பாதியில் நிறுத்தி, கைகளைத் துடைத்துக்கொண்டார். நயினார் ரேடியோவை அணைத்தார். வந்துகொண்டிருந்த லாரியின் டிரைவர் வெளியூர்க்காரர், அவருக்கு டீக்கடை மாஸ்டர் ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டினார், அவரும் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, நான்கு மணி வரை டீ குடித்தார்.

ஆவுடையின் லேப்டாப்பில் சத்தம் என்ற கட்டத்தில் டிக் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

இப்போது கொட்டகைத் தெருவில் கைப்பேச்சு தெரியாதவர்கள் என்று யாரும் இல்லை. தங்கப்பழத்துக்கும் ரூத்துக்கும் சண்டை வந்தால், அவள் தன் கடையைப் பூட்டிவிட்டுத் தெருவைக் கடந்து வந்து, அந்த எட்டடிக்கு ஆறடிக்குள் எப்படியோ நுழைந்து, உள்ளேயிருந்து ஷட்டரை இறக்கிவிடுகிறாள்.